கழுத்துப் பட்டையில் நான் பிரித்த தையல்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நாலு பேர் பார்க்க மனசைத் திறந்து வைப்பது என் வழக்கம் இல்லை என்று உனக்கே தெரியும். ஆனாலும் பலரும் படிக்கும்படியே எழுதுகிறேன். நான் செய்த தப்பு, பனியன் தொழிலில் இருக்கும் எவரும் நல்லது நினைத்தே செய்யக்கூடியது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதையாவது தைத்து அனுப்பாத அம்மா நம் ஊரில் குறைவு. அவர்களில் யாராவது ஒருத்தி கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று யோசித்தால் எனக்குப் போதும்.

எழுத வைத்தது உன் பெரியம்மா. போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்துக்குத் துணி எடுப்பது பற்றிப் பேசக் கணியூரிலிருந்து வந்திருந்தாள். காப்பியைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான்.

“ஏம்புள்ள, உம்பட பையன் இன்னும் அந்த ஐஸு மேல வழுக்கீட்டு அடிச்சுக்கற வெளையாட்டுக்குப் போறானா?”

“போறானுங்க்கா.”

“கல்யாணம் முடியற வரைக்குமாச்சு நிறுத்தச் சொல்லு. மாலை மாத்தற அன்னைக்கு முன்பல்லு ரெண்டு இல்லாம வந்து நின்னான்னா பொண்ணூட்டுக்காரங்க என்னன்னு நெனப்பாங்க?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, “அதெல்லாம் போட்டோக்காரன் பல்லு வெச்சுக் குடுத்துருவானுங்க, உடுங்க” என்றார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்து, “நீ சொன்னாக் கேப்பான். நீதானே அவனுக்கு எல்லாம் தெச்சுத் தெச்சு அனுப்பற” என்றாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் சொன்ன கடைசி வார்த்தை அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் உன்னை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வெளிநாடு போன முதல் குளிர்காலத்தில் உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. “சாப்ட்டியா?” “ம்.” “குளிருதா?” “ம்.” அதற்கு மேல் நம் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. பிறகு ஆபீஸில் யாரோ உன்னை, வயது வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான ஐஸ் ஹாக்கி வகுப்புக்கு இழுத்துப் போனார்கள். அந்த வாரம் நீ நாற்பது நிமிடம் பேசினாய். எத்தனை தடவை விழுந்தாய், எப்படி எழுந்தாய், உன்னோடு விழுந்த பல் டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது என்பது வரை சொன்னாய். அவ்வளவு நேரம் நீ என்னோடு பேசியது உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

உன்னை அப்படிப் பேசாத பிள்ளையாக வளர்த்ததில் எனக்குப் பங்கு உண்டு. நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாய். நான் அப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். துணி சுருங்குகிறதா, சாயம் போகிறதா, தேய்த்தால் உருண்டை கட்டுகிறதா என்று நாள் முழுவதும் எதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதுதான் சம்பளம் வாங்கும் வேலை. வீட்டுக்கு வந்தும் அதே கண்ணோடுதான் இருப்பேன். “இதுனால என்ன பிரயோஜனம்? பத்தாவது முடியட்டும், பாக்கலாம்” என்றேன். நீ காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். பத்தாவது முடிந்தது. நீ கேட்கவில்லை, எனக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டாய். “சரிங்மா” என்று சொல்லிப் பழகினாய்.

அதனால்தான், விளையாட ஆரம்பித்த மூன்றாவது மாதம், “அம்மா, உள்ள போட்டுக்கறக்கு நல்லதா நாலு பனியன் அனுப்புறீங்களா?” என்று நீ கேட்டபோது, பிறகு நாமே ஆரம்பித்த சாம்பிள் யூனிட்டில் இருந்த எல்லா வேலையையும் ஓரமாக வைத்தேன். நெருப்பெரிச்சல் ஊரில் பதினாலு மெஷினை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மாதிரித் துணி தைத்துக் கொடுக்கிறோம், பெற்ற பிள்ளைக்கு நாலு பனியனா பெரிது? நன்றாகச் சீவி மென்மையாக்கிய பருத்தி நூலில், கழுத்தில் லேபிள் இல்லாமல், தையல் உறுத்தாமல் தைத்து அனுப்பினேன். அது முதல் பாடம். விளையாடி முடிப்பதற்குள் வியர்வையைக் குடித்துக் கல் மாதிரி கனக்கிறது, ஓரமாக உட்கார்ந்தால் முதுகு விறைத்துப்போகிறது என்றாய். பருத்தியைத் தவிர வேறெதுவும் உடம்புக்கு ஆகாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பனிக்கட்டிமேல் ஓடுகிறவனுக்கு வியர்வையை வெளியே தள்ளுகிற மெல்லிய பாலியஸ்டர்தான் சரி என்பதை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இரண்டாவது தடவை அதில் தைத்தேன். இன்றைக்கும் அதைத்தானே போடுகிறாய்?

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நீ எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தாய். விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரியாத நேரத்தில் அது புத்திசாலித்தனம்தான். தோள் கவசம், முழங்கை, முழங்கால் கவசம், கையுறை, இடுப்பிலிருந்து தொடை வரை மூடுகிற அந்தப் பெரிய கால்சட்டை எல்லாம் வேறு யாருடைய உடம்புக்கோ செய்தவை. அங்கேயுள்ள ஆட்களின் தோள் அகலமும் உன் தோள் அகலமும் ஒன்றா? ஊருக்கு வருகிற உன் நண்பன் ஒருவனிடம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டாய். அதைப் பிரித்தபோது அடித்த வாடையில் உன் அப்பா யூனிட்டைவிட்டே வெளியே போய்விட்டார். நான் இரண்டு நாள் வெயிலில் காய வைத்துப் பிறகு மேசைமேல் பரப்பினேன். வார்களை நீட்டினேன், இடுப்பைப் பிடித்தேன், கையுறையின் உள்ளங்கை தேய்ந்து ஓட்டையாகியிருந்ததற்கு மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தேன்.

அளவு எடுத்ததில் முதலில் தப்பு செய்தேன். வீடியோவில் உன்னை நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்கப் போடச் சொல்லித்தான் அளவு கேட்டேன். எங்கள் அளவுகள் எல்லாமே மேசைமேல் தட்டையாக விரித்த துணிக்கும், அசையாமல் நிற்கிற பொம்மைக்கும் எடுப்பவை. நீ விளையாடும்போது ஒரு நொடிகூட நேராக நிற்பதில்லை. முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, கையை நீட்டியபடியேதான் இருக்கிறாய். நான் அழகாகப் பிடித்துக் கொடுத்த முழங்கைக் கவசம், நீ கையை நீட்டியதும் மேலே ஏறி, கையுறைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டது. பக் என்று நீங்கள் சொல்கிற ரப்பர் வட்டு சரியாக அங்கேதான் வந்து விழுந்தது. ஒரு வாரம் மணிக்கட்டுக்கு மேலே கத்தரிக்காய் நிறம். அன்றிலிருந்து, “நாற்காலில உக்காரப் போறாப்ல நில்லு கண்ணு, கையில மட்டையப் புடி” என்று சொல்லித்தான் அளவு எடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் யாரும் இந்த விளையாட்டுக்குக் கவசம் வாங்கினால், கடையில் நேராக நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். குனிந்து பாருங்கள். முழங்கால் கவசத்தை ஸ்கேட்ஸ் மாட்டிய காலோடு வைத்துப் பாருங்கள். எங்கே தோல் தெரிகிறதோ அங்கே அடி விழும்.

அதெல்லாம் சரியாக வந்த பிறகு உனக்கு ஒரு பெருமை. உங்கள் டீமில் எல்லோரும் உன் கையுறையை வாங்கிப் பார்த்தார்களாம். “‘எங்கம்மா தெச்சது’ன்னு சொன்னேங்மா” என்று நீ சொன்னபோது உன் குரல் ஏழாவது படிக்கிற பையன் குரலாக இருந்தது. நான், “சரி சரி, உள்ளங்கை தேஞ்சா முன்னமே சொல்லு” என்று மட்டும் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.

இனி அந்தக் கழுத்துப் பட்டை. ஸ்கேட்ஸின் அடியில் இருக்கிற எஃகுத் தகடு கழுத்தில் பட்டுவிடாமல் இருக்கப் போடுவது அது. வகுப்பில் கட்டாயம் என்றார்கள் என்று இரண்டு வாங்கினாய். “அரிக்குதுங்மா. கழுத்து பூரா செவந்து போகுது. நெறையப் பேரு கழட்டி வெச்சுட்டுத்தான் ஆடறாங்க. நானும் கழட்டிரலாம்னு இருக்கேன்” என்றாய். கழட்டிவிடுவாய் என்ற பயத்தில்தான் நான் அதைக் கையில் எடுத்தேன். இதை என் பக்கத்து நியாயமாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

நீ அனுப்பிய இரண்டு பட்டைகளும் வந்து சேர்ந்தன. வெளியே கறுப்புப் பின்னல் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு மெத்தை, உள்பக்கம் மஞ்சள் நிறத்தில் மொரமொரப்பான ஒரு துணி. விரலால் தடவிப் பார்த்தேன். முப்பது வருஷப் பழக்கம் அது. துணி என்று எது கையில் வந்தாலும் முதலில் தடவிப் பார்ப்போம். சாக்கு மாதிரி இருந்தது. சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு கேன்வாஸ் வைப்பார்களே, அது மாதிரி வடிவத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள், பொடி எழுத்தில் ஏழெட்டு வரி. லேபிள் அரிக்கும். அதைப் படிக்காமலேயே வெட்டி எறிந்தேன். வாழ்நாளெல்லாம் லேபிள் தைத்துக் கொடுத்தவர்கள் லேபிளைப் படிப்பதில்லை கண்ணு. அது எங்களுக்கு ஓர் உருப்படி, நூல் கலரும் தையல் இடமும் சரியாக இருந்தால் போதும். பிறகு மஞ்சள் துணியைத் தையல் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தைகள் சட்டைக்கு வைக்கிற பருத்தி ரிப் துணியை இரட்டையாக வைத்துத் தைத்தேன். ஒன்றை உனக்கு அனுப்பினேன். இன்னொன்றை அலமாரியில் வைத்தேன். எந்தச் சாம்பிள் வெளியே போனாலும் அதே மாதிரி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். நாளைக்குக் கேள்வி வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

“போட்டிருக்கறதே தெரியலீங்மா” என்று சொன்னாய். அதைவிடப் பெரிய பாராட்டை எந்த வியாபாரியும் எனக்குச் சொன்னதில்லை. ஒன்றரை மாதம் அதைப் போட்டுக்கொண்டு ஆடினாய். பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் மெசேஜ் வந்தது. உங்கள் டீமில் பத்துப் பேருக்கு அதே மாதிரி வேண்டுமாம். பட்டைகளைப் பார்சலில் அனுப்பி வைக்கிறோம் என்றார்களாம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. உடனே அலமாரியிலிருந்து நம் பிரதியை எடுத்து, பத்து உருப்படிக்கு முறையாக ஒரு தாள் தயாரிக்க உட்கார்ந்தேன். துணி, எடை, நூல், தையல் வகை எல்லாம் எழுதினேன். அதற்கு அடுத்த கட்டத்தில், என்னென்ன சோதனை செய்யப்பட்டது என்று எழுத வேண்டும். சுருக்கம் என்று எழுதினேன். சாயம் என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. இது எதற்காகப் போடுகிற சாமான்? கழுத்து அறுபடாமல் இருப்பதற்கு. அதை நான் சோதித்தேனா?

கட்டிங் மாஸ்டர் சுந்தரத்தைக் கூப்பிட்டேன். தேனிப் பக்கத்து ஆள், உனக்குத் தெரியும். துணி வெட்டும் மெஷினின் உபரிக் கத்தி ஒன்றை ஒரு கட்டையில் பிணைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்துக் கட்டினோம். ரிப் துணிச் சுருள் ஒன்றின்மேல், நான் பிரித்தெடுத்த மஞ்சள் துணியை முதலில் சுற்றினோம். நல்லவேளை, அதைத் தூக்கிப் போடாமல் கவரில் வைத்திருந்தேன். மாஸ்டர் கத்தியை ஒரே சீராக இழுத்தார். ஐந்து தடவை இழுத்தும் மேலே லேசாகப் பஞ்சு கிளம்பியதே தவிர அறுபடவில்லை. பிறகு நான் தைத்த பட்டையைச் சுற்றினோம். ஒரே இழுப்பு. கறுப்புத் துணி, பஞ்சு, நான் ஆசையாக வைத்த இரட்டை ரிப் எல்லாம் போய், அடியிலிருந்த துணிச் சுருளிலும் மூன்று சுற்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

மாஸ்டர் அந்த வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம், “இது யாருக்குங்க மேடம் தச்சது?” என்றார்.

“எம் பையனுக்கு.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். மெஷினில் நிற்கிறவர்கள் எஃகு வளையம் கோத்த கையுறை போட வேண்டும். கையில் துணி தெரிய மாட்டேன் என்கிறது என்று இவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். ஆறு மாதம் முன்பு அதற்காக அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, எல்லோர் முன்னாலும் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

“நான் கழட்டுனா மட்டும் மெமோ குடுப்பீங்க” என்றார். குரலில் குத்தல் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “போங்க, தம்பிக்குப் போனைப் போடுங்க மொதல்ல. இங்க நின்னு என்ன செய்யப் போறீக?”

நான் போன் போடவில்லை.

இதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். அன்றைக்கு வியாழக்கிழமை. உனக்குச் சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் இருக்கிறது என்று தெரியும். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சனி போயிற்று. எனக்குள் நான் சொல்லிக்கொண்டதையெல்லாம் கேள். கழுத்தில் அந்தத் தகடு படுவது எங்கேயோ எப்போதோ நடப்பது. ஒன்றரை மாதம் ஒன்றும் ஆகவில்லை. பாதிப் பேர் பட்டையே போடாமல்தானே ஆடுகிறார்கள். திங்கட்கிழமை சொன்னால் என்ன? இருபத்திரண்டு வயதிலிருந்து பிறர் சொல்கிற இதே மாதிரிச் சாக்குகளைக் கேட்டு, “முடியாதுங்க, ரிப்போர்ட் ஃபெயில்தான்” என்று எழுதி அனுப்பியவள் நான். உள்ளே இருந்த உண்மைக் காரணம் வேறு. நீ உன் டீம் முழுக்கச் சொல்லிவிட்டாய். பதினைந்து வருஷம் கழித்து நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் செய்து கொடுத்தேன், உனக்குப் பிடித்தது. அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. உன் கழுத்தையும் என் சந்தோஷத்தையும் தராசில் வைத்து, நாலு நாள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயே கூப்பிட்டாய். மூச்சு வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு. “அம்மா, கோல் போட்டுட்டேங்மா! என்ர மொத கோல்!” பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நீ முழுக் கதையையும் சொன்னாய். நான் “ஆமாவா? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வீடியோவில் உன் கழுத்தில் என் பட்டை தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை யூனிட்டுக்குப் போனதும் சுந்தரம், “தம்பி என்ன சொன்னாப்ல?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் போனை எடுத்தேன். அவர் கேட்டிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். கத்தி, இஸ்திரிப் பெட்டி, மஞ்சள் துணி, படிக்காமல் வெட்டிய லேபிள் எல்லாம் சொன்னேன்.  முடித்ததும் நீ இரண்டே கேள்வி கேட்டாய்.

“எப்பங்மா வெட்டிப் பாத்தீங்க?”

“வியாழக்கெழமை.”

“நான் கோல் போட்டேன்னு சொல்றப்ப உங்களுக்குத் தெரியுங்ளா?”

“தெரியும் கண்ணு.”

   பிறகு, “சரிங்மா, வெச்சர்றேன்” என்றாய். அந்த “சரிங்மா” எனக்குப் பழக்கமானது. துண்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்த பிள்ளையின் “சரிங்மா” அது.

பதினோரு நாள் நீ பேசவில்லை. நான் எழுதுகிற மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும் வரும். உன் அப்பா, “புள்ளைக்குக் கோவம் தணியட்டும், நீ பேசாம இரு” என்றார். நானாகக் கூப்பிடவில்லை. நன்றாகப் படித்தவள், நிதானமானவள் என்று பெயர் வாங்கிய நான், பதினோரு நாள் சாயந்திரமும் போனைச் சார்ஜில் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உனக்குக் கோபம் பட்டையைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. தையல் தப்பாவது யாருக்கும் நடக்கும். தெரிந்த பிறகு கடந்துபோன அந்த நாலு நாள், நடுவில் ஓர் ஆட்டம், அதுதான். இனிமேல் நான் “நல்லா இருக்கு, போட்டுக்கோ” என்று சொன்னால் நீ எப்படி நம்புவாய்?

அந்தப் பத்துப் பட்டைகளையும் நான் தைக்கவில்லை. உன் நண்பர்களுக்குச் சேர வேண்டிய பதிலை ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பினேன். என்ன செய்தேன், ஏன் தப்பு, யாரும் இதைச் செய்யாதீர்கள் என்று. நீ அதை அவர்களிடம் காட்டினாயா என்று கேட்கவில்லை. காட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இப்போது நீ பழைய சாமானையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாக வாங்கப் போவதாகச் சொல்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடப் போகிறாய். ஆடு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இந்த முறை படித்துவிட்டுச் சொல்கிறேன். ஸ்கேட்ஸில் கஞ்சத்தனம் பார்க்காதே. செருப்பு அளவை நம்பாதே, அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. எங்காவது எலும்பில் கடித்தால் கடையிலேயே சூடாக்கி உன் காலுக்குப் பிடித்துக் கொடுப்பார்கள், அதற்கென்று தெரிந்தவர்கள் செய்யட்டும். மட்டையை உன் உயரத்துக்கு நீயே வெட்டிக்கொள்ளலாம், ஆனால் வெட்ட வெட்ட அது விறைக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு. ஹெல்மெட் பழையது வேண்டாம். அதில் ஓட்டை போடாதே, உள்ளே இருக்கிற மெத்தையில் ஒரு துண்டுகூட எடுக்காதே. முகத்துக்கு முழுக் கம்பிக் கூண்டு போடு, உன் பெரியம்மா நிம்மதியாகத் தூங்குவாள். பனியன், கையுறையின் உள்ளங்கை, கால்சட்டை இடுப்பு, காலுறை, வார், உன் பெயர் போட்ட சட்டை இவையெல்லாம் என்னுடையவை. எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பு. அடியையும் வெட்டையும் தடுக்கிற எதையும் இனி நான் பிரிக்க மாட்டேன். நீயாக ஆசைப்பட்டுக் கேட்டாலும் பிரிக்க மாட்டேன். எனக்குக் கண்ணும் முன்பு மாதிரி இல்லை. ஓவர்லாக் மெஷின் ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. கண் மங்கிக்கொண்டு வருகிறவள் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும், முக்கியமாகத் தன் கையை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு வேறு ஒரே ஒரு வார்த்தை. உன் மனைவிக்கு நீ ஏதாவது ஒன்று ஆசையாகச் செய்து கொடுப்பாய். அவளும் சந்தோஷப்படுவாள். பிறகு ஒரு நாள் அதில் ஒரு குறை உனக்கு மட்டும் தெரியவரும். அன்றைக்கே சொல்லிவிடு. அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. நான் நின்று பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போன் அடித்தது. நான் பேசுவதற்கு முன்னால் நீ பேசினாய். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

“புதுசா பட்டை வாங்கிட்டேங்மா. லேபிளெல்லாம் படிச்சேன். அரிக்குது.”

எத்தனை ஆயிரம் உடுப்பு என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றாவது அரித்தால் தூக்கமே வராது எனக்கு. அன்றைக்கு, “அரிக்கட்டும் கண்ணு” என்றேன். நீ சிரித்தாயா, பெருமூச்சு விட்டாயா என்று சரியாகக் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுகிறாய். கோல் விழுந்ததா, ஜெயித்தீர்களா என்று நான் முதலில் கேட்பதில்லை.

“அரிக்குதா?”

“அரிக்குதுங்மா.”

சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அடுப்பில் காப்பிக்குப் பால் வைக்கிறேன்.

உன் அம்மா